ஓடைப் பாறையில் முப்பத்தொரு செடி

பேருந்தில் ஒரு மாணவி வாந்தி எடுத்திருக்காவிட்டால் நான் அந்த ஓடைக்குள் இறங்கியிருக்கவே மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழி. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவிகளைச் செடி சேகரிக்கச் சிறுமலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். மலைப்பாதையின் வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். கடைசிப் பெண் என் மடியிலேயே எடுத்தாள். வண்டி மேலே போய் நின்றதும், சேலையைக் கழுவத் தண்ணீர் தேடி ஒரு வாழைத் தோட்டத்து ஓரமாகச் சரிவில் இறங்கினேன்.

கீழே சின்ன ஓடை. அதன் மறுகரையில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. மேலேயிருந்து கசிந்த நீர் அதன்மேல் வழிந்துகொண்டே இருந்ததால் பாறை முழுக்கப் பாசி. பாசிக்கு நடுவே விரல் நீளத் தண்டுகளில் வெளிறிய ரோஜா நிறப் பூக்கள். வீட்டு வாசலில் வளர்க்கும் காசித்தும்பையின் காட்டு உறவு என்று பார்த்ததும் தெரிந்தது. காசித்தும்பைப் பூவின் பின்னால் வால்போல ஒன்று நீண்டிருக்குமே, அது இதற்கும் இருந்தது. மலைகளில் இதன் உறவினங்கள் எத்தனையோ உண்டு. ஏற்கெனவே பதிவான ஏதோ ஒன்றாக இருக்கும் என்று நினைத்து, மாணவிகளுக்குக் காட்ட மூன்று செடிகளை வேரோடு பிடுங்கிப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இந்த வகைப் பூக்களில் ஒரு தொல்லை உண்டு. மற்றப் பூக்களைத் தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்தால் உருவம் நிற்கும். இது அப்படியே கரைந்து கூழாகிவிடும். மலையிறங்கித் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் பையிலிருந்த பூக்களெல்லாம் ஈரக் கறையாகியிருந்தன. ஒரே ஒரு பூவை மட்டும் ஏதோ நினைப்பில் மாத்திரை டப்பாவில் தண்ணீர் விட்டு அதில் போட்டிருந்தேன். அது பிழைத்திருந்தது. மாணவிகள் போன பிறகு ஆய்வகத்தில் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வால் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. பாம்பு நாக்கு மாதிரி. செடியின் அடியில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கிழங்கு. கல்லூரி நூலகத்திலிருந்த புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். கிழங்கு இருந்த இனத்துக்கு வால் பிளக்கவில்லை. வால் பிளந்த இனத்துக்குக் கிழங்கு இல்லை.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. கரும்பலகையில் இலை வரைகிறேன் என்று பிளந்த வாலை வரைந்துவிட்டு நிற்பேன். வெஞ்சனத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுவேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதே நாலைந்து நாளுக்கு ஒருமுறை. அந்த நாளிலும் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்து நின்று வரிசையைக் கோட்டைவிட்டேன். என் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கி ஊற்றினார்.

"ஒரு பூவுக்கா இம்புட்டு?" என்றார்.

"ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு பூவா, வேற யாருமே பாக்காத பூவான்னு தெரியலைல. அதான்."

பொங்கல் முடிந்ததும், தாளில் அழுத்திக் காயவைத்த ஒரு செடியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் புறப்பட்டேன். அங்கே உலர்ந்த செடிகளைத் தாள்களில் ஒட்டி அலமாரி அலமாரியாகப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் இருந்தது. தைப்பூச நேரம் என்பதை மறந்துவிட்டேன். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே பேருந்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. எல்லாரும் அரோகரா போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஹெர்பேரிய அதிகாரி என் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இதுல பூவே இல்லீங்களே. கூழாட்ட இருக்குதுங்க."

நான் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பழைய தாள்கள் இருந்த அலமாரியைத் திறந்துவிட்டார். "புதுசுன்னு சொல்றதுக்கு முன்னாடி, பழசுல இதாட்ட எதுவுமில்லைன்னு காட்டோணுமுங்க. பாருங்க."

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பூச்சி மருந்து வாடையில் கண் எரிந்தது. நூறு வருடத்துக்கு முன் யாரோ பறித்து ஒட்டிய செடிகள்கூட இருந்தன. என் செடி எதிலும் இல்லை. கிளம்பும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "போன மழைக்கு இன்னொரு குழு உங்க மலைப்பக்கம் வந்துட்டுப் போனாங்களாட்டங்க. என்ன எடுத்தாங்கன்னு தெரியலீங்க."

திரும்பி வரும் வழி முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான். ஒரு செடியை முதலில் முறையாக விவரித்து அச்சில் வெளியிடுகிறவர் வைப்பதுதான் அதன் பெயர். என்னிடம் இருந்ததோ ஒரு கூழும் ஒரு படமும். மறுபடி பூக்கப் பத்து மாதம் ஆகும்.

பத்து மாதத்தைத் தள்ளினேன். அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றியது. திண்டுக்கல்லே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லாமல். நானும் பார்த்தேன், வேறு காரணத்துக்காக. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. சேவுகம்பட்டியில் என் அப்பா தக்காளி நாற்றை நட முடியாமல் வைத்திருந்தார். போனில் அவர் மழையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "ஆமாப்பா, மலையில பெய்யணும்" என்பேன். "மலையில எதுக்குடி? இங்க பெய்யட்டும்" என்பார்.

கார்த்திகை நடுவில் மூன்று நாள் விடாமல் பெய்தது. பூ கீழே வந்து சேராது என்று தெரிந்துவிட்டதால் நுண்ணோக்கியை மேலே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். கல்லூரியில் கெஞ்சிக் கையெழுத்துப் போட்டு வாங்கிய பழைய நுண்ணோக்கி. மின்சாரம் வேண்டாம், அடியில் ஒரு கண்ணாடி இருக்கும், வெயிலைப் பிடித்து மேலே அனுப்பும். அதைப் போர்வையில் சுற்றி என் கணவர் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். கழுத்தில் கேமரா. முகூர்த்தங்களுக்கு நடுவே கிடைத்த ஒரு ஓய்வு நாளை எனக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் திரும்பித் திரும்பிப் போர்வையைப் பார்த்தேன்.

"பயப்படாத. நான் விழுந்தாலும் இதை விழ விடமாட்டேன்" என்றார்.

சரிவில் நான்தான் முதலில் இறங்கினேன். பாறை மொட்டையாக இருந்தது. பாசியில்லை, செடியில்லை, பூவில்லை. கல் வெள்ளையாகத் தெரியும் அளவுக்குச் சுரண்டப்பட்டிருந்தது. அதன் குறுக்கே கருப்பு ஹோஸ் குழாய் ஒன்று வாழைத் தோட்டத்துக்கு ஓடியது. பக்கத்தில் மண்வெட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும்.

"ஏம்மா, யாரு இப்படிச் செஞ்சது?"

"நாங்கதேன். எதுக்குக் கேக்குறீக?"

"இங்க பூ இருந்துச்சே! ரோஸ் கலர்ல, பாறை நெறைய!"

"பூண்டுதானம்மா? குழாய் போட எடம் வேணும்னு மொதலாளி சொன்னாரு. சுரண்டிவிட்டோம்."

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. கண்ணு தெரியலையா, கையில கெடைச்சதையெல்லாம் வெட்டிர்றதா என்று ஏதேதோ. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"என்னய எதுக்கு வையிறீக? போன வாரம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குழாயச் சுத்திக் கொண்டுபோயிருப்போம். பேரு தெரியாத பூண்டப் பாத்து வச்சுக்கன்னு எனக்கு யாரு சொன்னது?"

பாறையைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் போர்வையை அணைத்தபடி இறங்கி வந்து, "இவங்க காலேஜ்ல டீச்சருங்க. இந்தப் பூவ நெனச்சு ஒரு வருசமாச் சரியாத் தூங்கல. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அவள் என்னை ஒரு தரம், போர்வையை ஒரு தரம் பார்த்தாள். போர்வைக்குள் பிள்ளை இருப்பதாக நினைத்தாளோ என்னவோ. பிறகு, "இதே பூவு மேல இன்னொரு எடத்துல கெடக்கு. செத்த நேரம் ஏறணும். வாரீகளா?" என்றாள்.

ஓடையோடு மேலே ஏறினோம். கல்லில் சூலம் ஒன்று செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசியிருந்த இடத்தைத் தாண்டிப் பத்தடி. அங்கே இன்னொரு கசியும் பாறை. பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. எண்ண ஆரம்பித்தேன். எனக்கு முப்பத்தொன்று வந்தது. கணவருக்கு முப்பத்து மூன்று. மூன்றாம் தடவை அவளையும் சேர்த்துக்கொண்டு எண்ணினோம். முப்பத்தொன்றுதான். அந்த மலையில் வேறெங்கும் பார்த்திருக்கிறாளா என்று கேட்டேன். புல்லறுக்க, விறகெடுக்க என்று சின்ன வயதிலிருந்து மலை முழுக்கத் திரிந்தவள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த ஓடையில மட்டுந்தேன்."

அவள் வீட்டு வாசலில் காபிக்கொட்டை காயப்போடும் சிமெண்டுத் தளம் இருந்தது. அதன் நடுவில் நுண்ணோக்கியை வைத்து வெயிலைப் பிடித்தேன். நாலு பூக்களைத் தண்ணீரோடு கொண்டுவந்திருந்தோம். ஒவ்வொன்றாகப் பிரித்து, இதழின் நீளம், வாலின் வளைவு, மகரந்தப் பையின் வடிவம் என்று அளந்து எழுதினேன், வரைந்தேன். ஒரு மேகம் வந்தால் எல்லாம் இருண்டுவிடும். மேகம் போகும்வரை பூ வாடுமே என்று காலைத் தட்டிக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "நானும் பாக்கலாமா?" என்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"உள்ளுக்குள்ள முடி இருக்கே டீச்சர்! சன்ன முடி. மஞ்சளா."

"முடியெல்லாம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். இருந்தது. அடி இதழின் உட்பக்கம், வால் தொடங்கும் இடத்தில், மஞ்சள் ரோமங்கள் வரிசையாக. அதுவரை நான் பார்த்த பூக்களில் எல்லாம் அந்த இதழின் வெளிப்பக்கத்தையே மேலே வைத்துப் பார்த்திருக்கிறேன். பின்னால் அச்சேறிய விவரிப்பில், இந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக அந்த ரோமங்கள்தான் நின்றன.

இனி செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. புதிய இனம் என்று அறிவிக்க வேண்டுமானால் ஒரு முழுச் செடியாவது வேரோடு காய்ந்து ஹெர்பேரியத்தில் இருக்க வேண்டும். பிற்காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தச் செடியைத்தான் பார்ப்பார்கள். ஐந்தாறு செடிகள் எடுத்துப் பல இடங்களுக்கு அனுப்புவது வழக்கம். முதல் வருடம் பிடுங்கிய மூன்றும் முறையான பதிவில்லாமல் கெட்டுப் போயிருந்தன. மறுபடியும் மேலே ஏறி, கத்தியை வைத்துக்கொண்டு அந்தப் பாறை முன் வெகுநேரம் நின்றேன். இரண்டை எடுத்தேன். கிழங்கு விடுபட்டு வரும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

அவள் பின்னால் நின்றிருந்தாள். "சுரண்டினேன்னு என்னயத் திட்டினீக. இப்ப நீகளே புடுங்குறீக."

கேலி இல்லை அவள் குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். என் காதுக்கே அது நன்றாக இல்லாததால் நிறுத்திவிட்டேன். இறங்கும்போது, பாறையில் இருபத்தொன்பது என்று மனம் தன்னால் கணக்குப் பார்த்தது.

அந்தக் காலத்தில் புதிய செடியின் சுருக்க விவரிப்பு லத்தீனில் இருக்க வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரிந்த லத்தீன் செடிப் பெயர்களோடு முடிந்துவிடும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தேவாலயத்தில், குருமடத்தில் லத்தீன் படித்த ஒரு பாதிரியார் இருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும், எப்போதும் அவசரமாக நடப்பார். என் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், நாங்க படிச்ச லத்தீன்ல பாவத்துக்கு வார்த்தை இருக்கு, மன்னிப்புக்கு இருக்கு. பூவோட வாலுக்கு எங்க போறது?" இரண்டு நாள் கழித்து அவரே ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்று, "குதிரைக்காரன் குதிகால்ல மாட்டுற முள்ளு! அந்த வார்த்தை சரியா வருமா?" என்றார்.

"நாங்களும் அதேதான் ஃபாதர் வச்சிருக்கோம்."

அவருக்குச் சப்பென்று போய்விட்டது. இருந்தாலும் விடாமல் ஒவ்வொரு வாக்கியமாகத் திருத்தினார். நான் ஒரு சொல்லை மாற்றுவேன், மறுநாள் பழையபடி மாற்றுவேன். மலையேறிய அந்த இன்னொரு குழு அச்சுக்குக் கொடுத்துவிட்டார்களோ என்று ஒரு பக்கம் பயம், என்னுடையது தப்பாக இருந்துவிடுமோ என்று இன்னொரு பக்கம். ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சாகக் கெடக்கிற பிள்ளைக்கு, சாமியார் வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்கிறதில்ல மேடம். பக்கத்துல இருக்கிற யாரும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துப் பேர் வச்சுறலாம். நீங்க என்னடான்னா கமாவுக்கும் புள்ளிக்கும் மாசத்த ஓட்டுறீங்க. அனுப்புங்க."

அனுப்பினேன். நாலு மாதம் கழித்து இதழாசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. விவரிப்பு நன்று, ஆனால் காயும் விதையும் இல்லாமல் வெளியிட முடியாது.

இன்னொரு மழைக்காலம் காத்திருந்தேன். இந்தச் செடியின் காய் முற்றினால் தொட்டதும் வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். பாறையில் சிதறினால் பொறுக்க முடியாது. கொசுவலைத் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து, ஒரு வெள்ளிக்கிழமை போய் நாலு பிஞ்சுக் காய்களுக்கு மாட்டிக் கட்டினேன். மூன்று நாலு நாளில் முற்றும். அடுத்து வந்த திங்கட்கிழமை, கார்த்திகையின் கடைசி முகூர்த்தம், என் தம்பிக்குக் கல்யாணம்.

சேவுகம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளையின் அக்காள் என்பதால் தாலியில் மூன்றாவது முடிச்சு நான்தான் போட வேண்டும். முந்தைய நாள் முழுக்கத் தூறல். பந்தல் ஒழுகுகிறது என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஈரத்தில் காய் முற்றுமா, துணிப்பை நனைந்து கிழியுமா என்ற யோசனை. முடிச்சைப் போட்டேன். அது இரண்டு தடவை நழுவியதைப் பார்த்து, தம்பி கல்யாணத்தில் அக்காளுக்குப் பாசம் பொங்குகிறது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அரை மணி நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசலில் மறித்தாள்.

"அடியே, பொண்ணு மாப்பிள்ளை இன்னும் பால்பழம் சாப்பிடல. நீ எங்க கெளம்பிட்ட?"

"காலேஜ்ல அவசர வேலைம்மா."

"இன்னைக்கா?"

அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தது என் கணவர். மணமக்களோடு குடும்பம் முழுக்க நிற்கும் பெரிய படம் ஒன்று இன்றும் தம்பி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் நான் இல்லை. தம்பி மனைவி இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

வத்தலக்குண்டு, திண்டுக்கல், மலை என்று மூன்று பேருந்து மாறிப் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் ஏறினேன். அவள் பாறையடியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன டீச்சர், கல்யாணத்துக்கு வந்த மாதிரி வாரீக?"

"கல்யாணத்துல இருந்துதான் வாரேன்."

அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். பிறகு தான் வந்த காரணத்தைச் சொன்னாள். காலையில் பார்த்தபோது இரண்டு பைகளை எலியோ எதுவோ கடித்துக் காலி செய்திருந்ததாம். மற்ற இரண்டையும் அது தின்றுவிடக் கூடாதென்று வேலைக்குப் போகாமல் காவல் இருந்திருக்கிறாள். ஒரு நாள் கூலியை அவள் விட்டது எனக்கு அப்போது உறைக்கவில்லை. விதைகள், கடுகைவிடச் சின்னதாக, பழுப்பாக, என் உள்ளங்கையில் கிடந்தன. அளக்கத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இருவருமாகப் பாறையின் பாசியிடுக்குகளில் அழுத்தி வைத்தோம்.

அடுத்த வருடக் கடைசியில் கட்டுரை அச்சாகி வந்தது. நாலே பக்கம். நான் வைத்த பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை, வழியின் அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். காரணம் உண்டு.

செடி இருக்கும் துல்லியமான இடத்தை இதழாசிரியர் கேட்டபோது, மலையின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை ஹெர்பேரிய அதிகாரிக்கு மட்டும் எழுதினேன். அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தவள், கல்லூரி முதல்வர் பத்திரிகைக்காரர்களை அழைத்து, "ஒரு நல்ல படம் குடுங்கம்மா" என்றதும் என் கணவர் எடுத்த படங்களில் அழகான ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. பூவுக்குப் பின்னால், மங்கலாக, சிவப்புச் சாயம் பூசிய அந்தச் சூலக்கல் தெரிந்ததை நான் கவனிக்கவே இல்லை. மலையில் அந்தக் கல்லைத் தெரியாதவர் கிடையாது.

அடுத்த கார்த்திகையில் நான் போனபோது பாறையடியில் பிஸ்கட் உறைகள் கிடந்தன. பாசியில் செருப்புத் தடங்கள் வழுக்கிக் கோடு போட்டிருந்தன. கிழங்கு இருந்த இடங்களில் சின்னச் சின்னக் குழிகள். ஒன்பது செடிகள் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அவள் என்னைப் பார்த்ததும் வந்தாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பேப்பர்ல படம் போட்டீகளாம்ல. காரு வச்சுக்கிட்டு வந்தாக டீச்சர். தொட்டியில வக்கிறதுக்காம். வேணாம்னு சொன்னேன், நீ யாருன்னு கேட்டாக." கீழே கிடந்த ஒரு பிஸ்கட் உறையைப் பொறுக்கிக் கசக்கினாள். "பேரு தெரியாம நாங்க சுரண்டினோம். இவுக பேரு தெரிஞ்சு புடுங்கிட்டுப் போறாக. என்னத்தப் பேரு வச்சீக?"

அன்று மலையிறங்கும்போது எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. படத்தைப் பற்றிச் சொன்னதும் என் கணவர் பெட்டியைத் திறந்து, எல்லா நெகட்டிவ்களையும் ஒரு கவரில் போட்டு ஒட்டினார். "நான் எடுத்ததுதான. நானாவது பாத்திருக்கணும்" என்றார். ஸ்டூடியோ ஜன்னலில் பெரிதாக்கி மாட்டியிருந்த பூவையும் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பூவை அவர் படமெடுக்கவில்லை.

உட்கார்ந்து வருந்திக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. தோட்ட முதலாளியைப் போய்ப் பார்த்தேன். வனத்துறைக்கு மனு எழுதினேன், பதில் வரவில்லை, மறுபடி எழுதினேன். மூன்றாவது மனுவுக்கு ஒரு வனக்காவலர் வந்து பார்த்துவிட்டுப் போனார். உண்மையில் காரியம் செய்தது அவள்தான். கணவனையும் கூட்டிக்கொண்டு, ஓடையோரப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து, காபித் தோட்டம் வழியாக வேறு பாதை விட்டாள். கேட்பவர்களிடம், பூவெல்லாம் பட்டுப்போச்சு என்று சொல்லிவிடுவாள். நான் மாணவிகளை அந்த மலைக்குக் கூட்டிப் போவதை நிறுத்திக்கொண்டேன். வருடத்துக்கு ஒருமுறை தனியாகப் போய் எண்ணிவிட்டு வருவேன். பதினொன்று. பதினாறு. ஒரு வருடம் மழையில்லாமல் ஏழு. அந்த வருடம் மார்கழி முழுக்க அவளுக்கும் எனக்கும் பேச்சே சரியாக இல்லை. யார்மேல் கோபம் என்று இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் இருபது.

இரண்டாயிரத்து ஐந்து ஆறு வாக்கில் வாழையில் நோய் விழுந்து மலையில் வேலை குறைந்தது. அவள் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். மகளோடு வேலை செய்ய அவளும் புறப்பட்டுவிட்டாள். போகும் முன் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு மஞ்சள் பையில் எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு, என் போன் நம்பரை ஒரு காலண்டர் தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். முள்வேலியை வருசா வருசம் புதுசாப் போடணும், மாமனார்கிட்டச் சொல்லியிருக்கேன், ஆனா அவரு மறந்துருவாரு என்றாள். அவர் மறந்துதான் போனார். நானே அரிவாள் எடுத்துப் பழகிக்கொண்டேன்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் அவளிடமிருந்து போன் வரும். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்கும். கத்திப் பேசுவாள். அவள் போன பிறகு எண்ணிக்கை இருபதைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை. இது நிலைத்துவிட்டதா, விழுவதற்கு முன் நிற்கிறதா என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. புது இனம் கண்டுபிடித்தவர் என்று கல்லூரி விழாக்களில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். கைதட்டும்போது வெளியே மேகம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஒரு வருடம் தேர்வுத்தாள் திருத்தும் வேலை, வீட்டில் மாமியாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மலைக்குப் போவது இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. ஒரு சாயங்காலம் அவள் கூப்பிட்டாள்.

"இந்த வருசம் எம்புட்டு டீச்சர்?"

"இன்னும் போகலக்கா."

மெஷின் சத்தம் தேய்ந்தது, வெளியே நடந்து வந்துவிட்டாள் போல.

"அங்கிட்டு மழை பேஞ்சிச்சா?"

"மூணு நாளாப் பேயுது. சனிக்கிழமை மொத பஸ்ஸுக்குப் போறேன்."

"அந்த ஓடையில தண்ணி வேகமாக் கெடக்கும். தனியா எறங்காதீக. எம் மாமனார எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். யாரோ அவளை வேலைக்கு அழைக்கும் குரல் கேட்டது. எண்ணி முடித்ததும் மலையிலிருந்தே கூப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள்.